ஒன்பதாம் பக்கத்தில் மூன்று வரி

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூவரும் போன வாரம் வீட்டுக்கு வந்து, ‘ஒரு பக்கம்’ எப்படி நடத்துவது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதில் ஒரு வித்தையும் இல்லை. திங்கட்கிழமை ஒரு கட்டுரையைக் கொடுக்க வேண்டும். புதன்கிழமை மதியத்துக்குள் ஒவ்வொருவரும் அதைப் படித்து, ஒரே ஒரு பக்கம் எழுதித் துறை அறையில் இருக்கும் அட்டைப்பெட்டியில் போட வேண்டும். கட்டுரையில் என்ன இருக்கிறது, அதில் எது உறுத்தியது, வகுப்பில் கேட்க ஒரு கேள்வி. அவ்வளவுதான். வியாழக்கிழமை அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

நான் இதை ஆரம்பித்ததற்குப் பெரிய கல்விக் கொள்கை எதுவும் காரணம் இல்லை. கள்ளக்குறிச்சிக்கு வந்த புதிதில், வகுப்பில் “என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் நாற்பது பேரும் குனிந்து மேசையைப் பார்ப்பார்கள். எழுதிவிட்டு வந்தால் வாய் திறப்பார்கள் என்று நினைத்தேன். திறந்தார்கள். அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

இன்னொரு பெருமையும் இருந்தது. காப்பி அடித்த பக்கத்தை மோப்பம் பிடிப்பதில் எனக்கு நிகர் யாரும் இல்லை என்பது. ஒரு முறை தாடி வைத்த பையன் ஒருவன், “நான் ஒரு பெண்ணாக இருப்பதால் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன்” என்று எழுதிக் கொடுத்தான். அதை வகுப்பில் படித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேன். காப்பி என்று தெரிந்தால் அந்தப் பாடத்தின் அகமதிப்பீடு முழுவதும் பூஜ்யம் என்று ஒரு விதியும் கொண்டுவந்தேன். துறைக்கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கிய விதி அது. உங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டில் அது இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். மூன்றாம் ஆண்டு வரலாறு, கடைசி செமஸ்டர். நாற்பது பேர். அவர்களில் நான்கு பெண்கள் கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்கள். கரியாலூர் பக்கம் வீடு. காலையில் மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் வந்து, மாலையில் அதே பேருந்தில் ஏறிப் போவார்கள். அந்தப் பேருந்தை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. அதனால் கடைசி வகுப்பு முடிந்ததும் நான்கு பேரும் கேட்டைப் பார்த்து ஓடுவார்கள். அவர்களில் அஞ்சலை என்கிற பெண் மட்டும் வகுப்பில் கொஞ்சம் பேசுவாள். மற்ற மூவரும் அவள் தோளுக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்கள்.

அந்த வாரம் கொடுத்தது ஒரு ஏரியைப் பற்றிய கட்டுரை. நான் பல வருடங்களாகக் கொடுத்து வந்தது. களமருதூரில் நெல்வயலுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். ஏரி, மதகு என்றால் எனக்குத் தனிப் பிரியம். கட்டுரையின் நடுவில் ஒரு சம்பவம் வரும். பெருமழையில் ஏரிக்கரை உடையும் நிலை. மதகைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் ஊரைக் கேட்காமல் தானாகவே மதகைத் திறந்துவிடுகிறார். கரை தப்புகிறது, ஆனால் கீழே இருக்கும் பல பேருடைய பயிர் மூழ்கிப் போகிறது. மறுநாள் ஊர் கூடி, கேட்காமல் திறந்த குற்றத்துக்காக மதகுச் சாவியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறது. பிறகு அடுத்த மழைக்கு முன்னால் ஊர்ப் பெரியவர்கள் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய், தவறு எங்களுடையது என்று சொல்கிறார்கள். அதோடு சம்பவம் முடிந்து, மதகுகளின் அமைப்பைப் பற்றிய அடுத்த பகுதி தொடங்கும்.

புதன்கிழமை மதியம் பெட்டியைத் திறந்து படித்தேன். முப்பத்தாறு பேர் சம்பவத்தைச் சரியாக எழுதியிருந்தார்கள். மலையிலிருந்து வரும் நான்கு பேர் மட்டும் தப்பாக எழுதியிருந்தார்கள். ஊர் சாவியைப் பிடுங்கியதோடு சம்பவம் முடிந்துவிட்டது என்று நான்கு பேரும் எழுதியிருந்தார்கள். ஒருத்தி, அவர் மனைவி அன்றைக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டிருந்தாள். ஒருத்தி, நானாக இருந்தால் மதகைத் திறந்திருக்கவே மாட்டேன் என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி, ஊரைக் கேட்க அவருக்கு நேரம் இருந்ததா என்று கணக்குப் போட்டிருந்தாள். அஞ்சலை எழுதியிருந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “சாவியைப் பிடுங்கிய பிறகு அந்த ஆள் என்ன ஆனார் என்று கட்டுரையாளர் சொல்லவில்லை. உடனே மதகின் அமைப்புக்குப் போய்விட்டார். அவருக்கு மனிதரைவிட மதகுதான் முக்கியம் போல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டுரையில் தெளிவாக இருப்பதைப் படிக்காமல், கட்டுரையாளருக்கே பாடம் எடுக்கிறாளே என்று. நான்கு பேருக்கும் ஒரே தப்பு என்றால், ஒருத்தியைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மலைப் பிள்ளைகளுக்கு ஏரியைப் பற்றி என்ன தெரியும் என்கிற நினைப்பும் உள்ளே இருந்தது. வாயால் சொல்லவில்லை. ஆனால் இருந்தது.

வியாழக்கிழமை வகுப்பில் நான்கு பேரையும் நிற்க வைத்தேன்.

“யாரைப் பாத்து யாரு எழுதினீங்க?” என்று கேட்டேன்.

அஞ்சலைதான் பதில் சொன்னாள். “யாரையும் பாத்து எழுதல மேடம். அவங்கவங்க எழுதனதுதான்.”

“நாலு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வந்துது?”

“நான்தான் மேடம் அவங்களுக்கு அந்த எடத்த சொன்னேன்.”

“சொன்னியா? அப்ப அவங்க படிக்கல.”

“நாங்க பிரிச்சிக்கினு படிச்சோம் மேடம். ஆளுக்குக் கொஞ்சம். பஸ்ல வரச்சே ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கினு வந்தோம்.”

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அது போதும் என்று பட்டது. குற்றவாளி வாயாலேயே ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு? நான்கு பேருக்கும் அகமதிப்பீடு பூஜ்யம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, வெளியே அனுப்பினேன். அவர்கள் போன பிறகு விவாதம் மிகச் சுமுகமாக நடந்தது. எல்லோரும் ஊரின் பெருந்தன்மையைப் பற்றிப் பேசினார்கள். ஒற்றுமை, மன்னிக்கும் குணம் என்று அழகான சொற்கள் வந்தன. யாரும் யாரையும் மறுத்துப் பேசவில்லை. நாற்பது நிமிடமும் ஒருவருக்கும் குரல் உயரவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் ஏற்ற மறுநாள் வெள்ளிக்கிழமை மாலைதான் கடைசி. வியாழக்கிழமையே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனேன். நல்ல மனிதர். வம்பு வேண்டாம் என்பதே அவர் கொள்கை.

“இன்னாம்மா, நாலு பூஜ்யமா? லாஸ்ட் செமஸ்டராச்சே,” என்றார்.

“விதி இருக்குதுங்க சார்.”

“நீங்க போட்ட விதிதான். எனக்கொண்ணும் இல்ல. பிரின்சிபால் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்,” என்று பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கணினியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போதே ஏற்றியிருப்பேன். நெட் வரவில்லை. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டியலை மேசையில் வைத்தேன். அந்த நான்கு பெண்களின் வருடம் அன்றைக்குத் தப்பியது என் நிதானத்தால் அல்ல என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றரை மணி இருக்கும். அஞ்சலை அறை வாசலில் வந்து நின்றாள். பை தோளில் இருந்தது, மலைப் பேருந்துக்குப் போகிற கோலம். தோழிகள் மூவரும் வராந்தாவில் நின்றார்கள்.

“இன்னா?” என்றேன். உட்காரச் சொல்லவில்லை.

“அவங்க மூணு பேருக்கு மார்க் குடுத்துடுங்க மேடம். நான் சொன்னததான் அவங்க நம்பி எழுதினாங்க. தப்பு எங்கிட்டதான்.”

“உனக்கு?”

“எனக்கு வாணாம்.”

“அரியர் விழும். தெரியுமில்ல?”

“தெரியும் மேடம்.” பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். “பி.எட். சேரணும்னு இருந்தேன். எங்கப்பா இந்த வருசம் சேத்துடறேன்னாரு. அடுத்த வருசம்னா தங்கச்சி காலேஜ் வருது. ரெண்டு பேரையும் சமாளிக்க முடியாது, என்ன நிறுத்திடுவாரு. பரவால்ல. அவங்களுக்குக் குடுத்துடுங்க.”

அழுதிருந்தால் நான் இன்னும் இறுகியிருப்பேன். அவள் அழவில்லை. ஏதோ கணக்கு முடித்துக்கொண்டு வந்தவள் போலப் பேசினாள். எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது.

“ஏன் பிரிச்சிப் படிக்கணும்? ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுக்க முடியாதா?” என்றேன்.

“திங்கக்கெழம நீங்க குடுக்கறதே கடைசி அவர்ல மேடம். ஜெராக்ஸ் கடையில எல்லாரும் நின்னுக்கினு இருப்பாங்க. நாங்க நின்னா பஸ் பூடும். அதான் கடைக்காரரு மொதல்ல எடுக்கறதுல ஒண்ணு மட்டும் வாங்கிக்கினு ஓடுவோம். ஸ்டேப்ளர் பின்ன கழட்டிட்டு நாலா பிரிச்சிக்குவோம். ராத்திரி மாத்திக்கலாம்னு பாத்தா, எங்க வூடெல்லாம் ஒண்ணுக்கொண்ணு தூரம். பஸ்லதான் பாத்துக்குவோம்.”

மூன்று வருடமாக அவர்கள் அப்படித்தான் படித்திருக்கிறார்கள். மூன்று வருடமாக நான் கட்டுரையைக் கடைசி வகுப்பில்தான் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் அன்றுவரை நான் சேர்த்துப் பார்த்ததில்லை.

“சரி, சாவிய வாங்கனதோட முடிஞ்சிதுன்னு எங்க போட்டிருக்குது? காட்டு,” என்றேன்.

பையிலிருந்து அவள் பங்குத் தாள்களை எடுத்து நீட்டினாள். நான்காக மடித்து மடித்து ஓரம் பஞ்சு போல ஆகியிருந்தது. வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு. சில இடத்தில் ‘இத அவங்களுக்குச் சொல்லணும்’ என்று குறிப்பு. ஒன்பதாம் பக்கத்தைப் பிரித்தேன். கடைசி வரியைப் படித்தேன். “மறுநாள் கூடிய ஊர் அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டது.” முற்றுப்புள்ளி. அதற்குக் கீழே தாளில் இடமே இல்லை. எழுத்து தாளின் விளிம்பை ஒட்டி நின்றது. பத்தாம் பக்கம் மதகுகளின் அமைப்பு என்ற தலைப்போடு தொடங்கியது.

மேசை இழுப்பறையிலிருந்து என் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதே பக்கத்தில், அந்த முற்றுப்புள்ளிக்குக் கீழே இன்னும் மூன்று வரி இருந்தது.

எப்படி நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. பழைய மூலப் பிரதி கிழிந்து போனதால் அந்த வருடம் புதிதாக ஒன்று எடுத்தேன். தடித்த புத்தகம். ஜெராக்ஸ் மிஷினில் சரியாக வைக்காமல், அவசரமாக நானே கவிழ்த்து எடுத்தேன். கீழ் வரிகள் விழவில்லை. எடுத்ததை நான் படித்துப் பார்க்கவில்லை. பல வருடமாகத் தெரிந்த கட்டுரைதானே. அந்தப் பிரதியிலிருந்துதான் கடைக்காரர் எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

அவளிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கம் ஒரு பாதி. எல்லோர் முன்னாலும் சொன்னதை அறைக்குள் தனியாகத் திரும்ப வாங்கினால் அது நியாயம் ஆகாது என்று தோன்றியது மறு பாதி. எந்தப் பாதி பெரியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“இந்தத் தாளு எங்கிட்ட இருக்கட்டும். நீ கெளம்பு, பஸ் போயிடும்,” என்றேன். “காலையில நாலு பேரும் கிளாசுக்கு வந்துடுங்க.”

அவள் போன பிறகுதான் அடுத்த இடி இறங்கியது. எல்லோருக்கும் கிடைத்தது ஒரே பிரதி. அதில் அந்த மூன்று வரி இல்லை. அப்படியானால் முப்பத்தாறு பேர் ஊர் மன்னிப்புக் கேட்டதை எங்கிருந்து எழுதினார்கள்?

பெட்டியிலிருந்த பக்கங்களை மறுபடி எடுத்து அடுக்கினேன். இப்போது தெரிந்தது. ‘பெருந்தன்மை’ என்ற சொல் முப்பதுக்கு மேற்பட்ட பக்கங்களில் இருந்தது. நான்கு பேரின் தப்பு கண்ணில் குத்தியது. முப்பத்தாறு பேரின் சரி கண்ணில் படவே இல்லை. சரியாக இருப்பதை யார் சந்தேகப்படுவார்கள்? மோப்பம் பிடிப்பதில் எனக்கு நிகரில்லை என்றேனே, அந்த மூக்கு இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை முதல் வகுப்பு. எல்லோரையும் ஜெராக்ஸ் பிரதியை எடுக்கச் சொன்னேன். முதல் பெஞ்சில் ஆரோக்கியராஜ் என்ற பையன். உளுந்தூர்பேட்டையிலிருந்து வருகிறவன், கெட்டிக்காரன். முந்தின நாள் விவாதத்தில் அதிகம் பேசியவன் அவன்தான்.

“ஊரு மன்னிப்புக் கேக்கற எடத்தப் படிப்பா,” என்றேன்.

ஒன்பதாம் பக்கத்தை எடுத்தான். விரலை ஓட்டினான். பத்தாம் பக்கத்தைத் திருப்பினான். மறுபடி ஒன்பதுக்கு வந்தான். பக்கத்தில் இருந்தவன் தன் பிரதியை அவனிடம் தள்ளினான். அதையும் பார்த்தான்.

“இதுல இல்லீங்க மேடம்,” என்றான்.

“பின்ன எதுல இருந்துது?”

வகுப்பு முழுவதும் தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் பிரதியை மூடி வைத்தான். பிறகு நேர்மையாகவே சொன்னான்.

“போன வருச சீனியருங்க எழுதனது செவ்வாக்கெழம ராத்திரி வாட்ஸ்அப் குரூப்ல வரும் மேடம். போட்டோ புடிச்சிப் போடுவாங்க. நீங்க அதே கட்டுரதான குடுக்கறீங்க. அதப் பாத்து மாத்தி எழுதிக்கினோம்.”

“இவங்க நாலு பேருக்கு அந்தக் குரூப் இல்லியா?”

“இருக்குது மேடம். அவங்க ஊருல டவர் எடுக்காது. காலையில கீழ வந்தாத்தான் வரும். அதுக்குள்ள அவங்க எழுதிக்கினு வந்துடுவாங்க.”

அந்த அறையில் கட்டுரையைப் படித்தவர்கள் நான்கு பேர் மட்டுமே. அவர்களைத்தான் நான் படிக்காதவர்கள் என்று வெளியே அனுப்பினேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நானும் அந்த வருடம் அந்தப் பிரதியைப் படிக்கவில்லை.

முப்பத்தாறு பேருக்கும் பூஜ்யம் போட விதி இடம் கொடுக்கிறது. கோபம் இருந்தது, போட்டிருப்பேன். ஆனால் ஒரே கட்டுரையை வருடா வருடம் கொடுத்து அந்தக் குரூப்பை வளர்த்தவள் நான். அதனால் அன்று மதியமே, இதுவரை கொடுக்காத ஒரு கட்டுரையைக் கொடுத்து, வகுப்பிலேயே உட்கார வைத்து எழுத வாங்கினேன். முப்பத்தாறு பேருக்கும் அந்த மதிப்பெண்ணைப் போட்டேன். நான்கு பேருக்கு அவர்களுடைய பழைய பக்கங்களுக்கே போட்டேன். துறைத்தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “நேத்து நாலு, இன்னிக்கு ஒண்ணுமே இல்லியா?” என்று மட்டும் கேட்டு, மறுபடி கையெழுத்துப் போட்டார். அஞ்சலை அந்த வருடமே பி.எட். சேர்ந்தாள். அது அவள் மதிப்பெண்ணுக்குக் கிடைத்தது. அதில் என் தயவு எதுவும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பவை: கட்டுரையைக் காலை வகுப்பில் கொடுங்கள். கொடுக்கும் பிரதியை நீங்களும் அந்த வாரம் உட்கார்ந்து படியுங்கள், புத்தகத்தை அல்ல, அவர்கள் கையில் இருக்கும் அந்தப் பிரதியை. கையேட்டில் இருக்கும் என் விதியை எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் இல்லையென்றால், அதைப் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் தாளை வாங்கிப் பாருங்கள்.

அன்றைக்குக் காலையில் கடைசியாக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியராஜ் உட்கார்ந்த பிறகு, நான்கு பேரையும் எழுந்திருக்கச் சொல்லவில்லை, நான்தான் மேடையை விட்டு இறங்கி அவர்கள் பெஞ்சுக்குப் போனேன். எல்லோருக்கும் கேட்கும்படி, “தப்பு என்னோடது. ஜெராக்ஸ் எடுக்கறப்ப மூணு வரி விழாம போச்சு, நான் பாக்கல. நேத்து உங்கள வெளிய அனுப்பனதும் தப்பு. மன்னிச்சிடுங்கம்மா,” என்றேன். பல வருட வாத்தியார் வேலையில் மாணவர்களிடம் நான் அப்படிச் சொன்னது அது முதல் தடவை.

மூன்று பேர் பதறி எழுந்து, “பரவால்லீங்க மேடம்” என்றார்கள். அஞ்சலை எழுந்திருக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

“அந்த மூணு வரியில இன்னா இருக்குது மேடம்?” என்று கேட்டாள்.

புத்தகத்தைக் கொண்டுபோயிருந்தேன். பிரித்துப் படித்தேன். “அடுத்த மழை தொடங்கும் முன் ஊர்ப் பெரியவர்கள் அந்தச் சாவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். தவறு எங்களுடையது என்று சொல்லிச் சாவியை நீட்டினார்கள்.” நான் கவிழ்த்து எடுத்த பிரதியில் விழாமல் போனது இதுதான்.

அஞ்சலை கேட்டுக்கொண்டாள். பென்சிலை எடுத்து, தாளைத் தேடினாள். அவள் ஒன்பதாம் பக்கம் என் கையில் இருந்தது. கொடுத்தேன். விளிம்பில் இடம் இல்லாததால் பின்பக்கம் திருப்பி எழுதத் தொடங்கி, நிறுத்தி, நிமிர்ந்து பார்த்தாள்.

“அவரு வாங்கிக்கினாரா மேடம்?”

புத்தகத்தில் பார்த்தேன். எத்தனையோ வருடம் படித்த பக்கம். அவர் வாங்கிக்கொண்டாரா என்று அதில் இல்லை.